வகுப்பு நாளும் வீட்டு நாளும்: கிறிஸ்தவக் கலப்புக் கல்வியில் புதிதாகச் சேரும் பெற்றோருக்கு

வாரத்தில் இரண்டு நாள் பிள்ளை பள்ளிக்குப் போகும். மீதி மூன்று நாள் அதே பாடத்தை, அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு அம்மாவோ அப்பாவோ வீட்டில் நடத்துவார்கள். எந்தப் பக்கம் வரை போக வேண்டும், எந்தக் கணக்குகளைப் போட வேண்டும், எதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசிரியர் ஒரு வாரக் குறிப்பு எழுதி அனுப்பிவிடுவார். கிறிஸ்தவக் கலப்புக் கல்வி என்பது சுருக்கமாக இவ்வளவுதான். பெரிய வகுப்புகளில் பெரும்பாலும் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் வீடு என்று மாறும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டில் பல குடும்பங்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடும் திணறியது. வீட்டு நாள் என்றால் வீட்டுப்பாடம் முடிக்கும் நாள் என்று நினைத்துக்கொண்டோம். பிள்ளையை மேசையில் உட்கார வைத்துவிட்டு, நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டே "முடிச்சிட்டியா?" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது, அந்த நாளில் பாடம் நடத்த வேண்டியவள் நான் என்று. புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

பாடத்தைப் பள்ளியும் வீடும் பங்கு போட்டுக்கொள்வது நேற்று வந்த யோசனை இல்லை. உபாகமம் 6-ஆம் அதிகாரம், கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பொறுப்பைப் பெற்றோரிடம்தான் கொடுக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் அவற்றைப் பேச வேண்டும் என்கிறது. மார்ட்டின் லூத்தர் 1529-இல் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டபோது, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் இது என்று அதன் பகுதிகளுக்குத் தலைப்பு வைத்தார். கல்விச் சிந்தனையாளரும் பிஷப்புமான கொமேனியஸ் (1592–1670) பிள்ளையின் முதல் ஆறு வயதைத் 'தாய்ப் பள்ளி' என்றே அழைத்தார்.

இன்றைய கலப்பு முறைக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி ஒருவர் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் மேசன் (1842–1923) 1891-இல் தபால் வழியாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாடத்திட்டமும் பருவத் தேர்வு வினாத்தாளும் வீடுகளுக்குப் போகும், அம்மாக்கள் வீட்டில் நடத்துவார்கள், பிள்ளைகளின் விடைகள் திரும்பி வரும். ஒரு நூற்றாண்டு கழித்து, 1993-இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்லிங்டன் நகரில் கிரேஸ் பிரிபரேட்டரி அகாடமி என்ற கிறிஸ்தவப் பள்ளி தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் சில நாள் வகுப்புக்கு வந்து மற்ற நாள்களில் தாமாகப் படிப்பதைப் போலப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கால அட்டவணை போட்டார்கள். அதனால் இதற்குப் பல்கலைக்கழக மாதிரி என்ற பெயரும் வந்தது. இந்த மாதிரியில் சிறு வகுப்புகளில் ஆசிரியரின் இடத்தைப் பெற்றோர் நிரப்புகிறார்கள்.

சேர்வதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தவிர்க்க முடியாதது. ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும், வீட்டுக் கல்விக்குப் பொதுவாக இடமில்லை. சுவீடனிலும் மிகக் கடுமையான கட்டுப்பாடு. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லும், ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலப்பு முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்களில் அந்தப் பள்ளி தனியார் பள்ளியாகப் பதிவாகியிருக்கும். வேறு சில இடங்களில் உங்கள் பிள்ளை வீட்டில் கற்கும் பிள்ளையாகக் கணக்கிடப்படும், பள்ளி வெறும் துணை வகுப்பாகவே பார்க்கப்படும். மாற்றுச் சான்றிதழ், பொதுத் தேர்வு, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் இதைப் பொறுத்தவை. ஆகவே பள்ளியிடம் கேளுங்கள்: "சட்டப்படி என் பிள்ளை உங்கள் மாணவரா, வீட்டில் படிக்கிறவரா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

கட்டணத்தைக் கணக்குப் போடும் பெற்றோர் நேரத்தைக் கணக்குப் போடுவதில்லை. இந்தக் கல்வியின் உண்மையான செலவு உங்கள் பகல் பொழுதுதான்.

என் அனுபவத்தில், ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வீட்டு நாளில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் பாடம் போதும். பத்துப் பன்னிரண்டு வயதில் நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு முந்தைய இரவு அரை மணி நேரம் நீங்கள் தயாராக வேண்டும்: குறிப்பை வாசிப்பது, நாளைய கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்ப்பது, தேவையான தாள், கத்தரிக்கோல், பசை எல்லாம் எடுத்து வைப்பது. இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு மடங்கு ஆகாது, ஒன்றரை மடங்கு ஆகும். தவழும் குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால், அதை நாளின் நடுவில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். அது தூங்கும் நேரத்தில் கவனம் அதிகம் தேவைப்படும் பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மணி நேரங்களை யார் எந்த நாளில் தருவார் என்று ஒரு தாளில் பெயரோடு எழுதிப் பாருங்கள். பெயர் இல்லாத கட்டம் ஒன்று இருந்தால், சேருவதற்கு முன்பே அதைத் தீர்த்துவிடுங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் பங்கு போட்டுச் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டி நடத்தி, அம்மா இரவில் சரிபார்க்கும் வீடும் உண்டு. ஆனால் "எப்படியாவது பார்த்துக்கலாம்" என்று நுழைந்த குடும்பங்கள் அரையாண்டுக்குள் களைத்துப் போனார்கள். உங்கள் கட்டங்கள் நிரம்பவில்லை என்றால் முழு நேரப் பள்ளியில் விட்டுவிட்டு மாலையில் குடும்ப ஜெபத்தை உறுதியாக நடத்துங்கள். அதுவும் கிறிஸ்தவக் கல்விதான். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

பள்ளியில் கேட்க வேண்டியவை

கட்டடத்தையும் விளம்பரத் தாளையும் விட்டுவிட்டு, நடந்து முடிந்த ஒரு வாரத்தின் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு நாளுக்கு ஆசிரியர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். "பக்கம் 40 முதல் 46 வரை" என்று மட்டும் இருந்தால் அந்தப் பள்ளி உங்களை ஆசிரியராக நினைக்கவில்லை என்று அர்த்தம். "பின்னங்களைக் கூட்டும் முன் தாளை மடித்துக் காட்டுங்கள், பிள்ளை கீழ் எண்களையும் சேர்த்துக் கூட்டினால் மறுபடி மடிக்கச் செய்யுங்கள்" என்பது போல இருந்தால், அந்த ஆசிரியர் உங்கள் கையைப் பிடித்து நடத்துவார்.

அடுத்தது விசுவாச அறிக்கை, அதாவது பள்ளி எதை நம்புகிறது என்று எழுதி வைத்திருக்கும் தாள். கையெழுத்து போடும் முன் முழுவதும் வாசியுங்கள். ஞானஸ்நானம் குழந்தைக்கா, விசுவாசித்து அறிக்கை செய்தவருக்கா? ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை அறிவியல் வகுப்பில் எப்படி நடத்துகிறார்கள்? எந்த வேதாகம மொழிபெயர்ப்பு? வேறு சபையைச் சேர்ந்த பிள்ளை கேள்வி கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? உங்கள் சபையின் போதனையும் பள்ளியின் போதனையும் எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. எங்கே வேறுபடுகின்றன என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை அதை உணவு மேசையில் கேட்கும்போது நீங்கள் திகைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்களா, வீட்டில் நடக்கும் தேர்வை யார் திருத்துவார்கள், ஒரு வாரம் நோயில் போனால் எப்படி ஈடுகட்டுவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கு வாசிப்பதில் சிரமமோ, கவனச் சிதறலோ இருந்தால் சேர்க்கையின்போதே சொல்லிவிடுவது நல்லது. இந்த முறை அப்படிப்பட்ட பிள்ளைக்கு நன்மையும் செய்யும், வீட்டில் அதன் வேகத்துக்கு நடத்தலாமே. ஆனால் குறிப்பு எழுதும் ஆசிரியருக்குத் தெரியாமல் இருந்தால் வீட்டு நாள் போராட்டமாகிவிடும்.

வீட்டு நாளை நடத்துவது

தனி அறை வேண்டியதில்லை. ஒரே மேசை, ஒரே நேரம் போதும். தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கட்டும். ஒரு சிறிய ஜெபத்தோடு தொடங்கி, பையை மூடி வைப்பதோடு முடியுங்கள். முடிந்த பிறகு பிள்ளை விளையாடப் போகும்போது பின்னாலேயே போய், "அந்த ஒரு கணக்கு மட்டும்" என்று இழுக்காதீர்கள்.

எது கடினமோ அதை முதலில் எடுங்கள். சிறு பிள்ளைக்கு ஒரு பாடம் பதினைந்து, இருபது நிமிடம் போதும். சார்லட் மேசன் சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் நீட்டவே விடமாட்டார். குறுகிய பாடத்தில் முழுக் கவனம் பழகட்டும் என்பது அவர் எண்ணம். அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட இன்னொரு பழக்கம், திருப்பிச் சொல்லுதல். ஒரு பகுதியை ஒரே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். புத்தகத்தை மூடுங்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். இடையில் திருத்தக் கூடாது. பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாடுபட்டு வந்தது. முதலில் இரண்டு வாக்கியம்தான் வரும். சில மாதங்களில் பிள்ளை முழுக் கதையையும் வரிசையாகச் சொல்லும், எழுதுவதற்கும் அதுவே அடித்தளம்.

வகுப்பு நாளுக்கும் வீட்டு நாளுக்கும் இடையில் இரவு ஒன்று இருப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. கற்றது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885-இல் தம்மையே சோதித்து அளந்து காட்டினார். இடைவெளி விட்டு நினைவுபடுத்தினால் மறதி குறைகிறது. ஆகவே வீட்டு நாளின் முதல் ஐந்து நிமிடத்தில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். நேற்று வகுப்பில் என்ன நடந்தது என்று பிள்ளை நினைவிலிருந்து சொல்லட்டும். திக்கித் திணறி எடுப்பதுதான் மனதில் ஒட்டும். எது வரவில்லையோ அங்கேதான் உங்கள் பாடம் தொடங்குகிறது.

இப்போது பெற்றோர் மிக அதிகமாகச் செய்யும் தவறு. பிள்ளையின் கட்டுரையை நாமே மெருகேற்றிவிடுகிறோம். எழுத்துப் பிழையைத் திருத்தி, வாக்கியத்தை மாற்றி, கணக்கில் தப்பை அழித்துச் சரியானதை எழுதவைத்து அனுப்பிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் மறுநாள் ஆசிரியர் பார்ப்பது உங்கள் வேலையை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும், அடுத்த வாரக் குறிப்பு தவறான இடத்திலிருந்து தொடங்கும். பிழையைக் காட்டி மறுபடி முயலச் சொல்லலாம். அப்படியும் வராவிட்டால் அப்படியே விட்டு, பக்கத்தில் பென்சிலால் "இதை இரண்டு முறை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். ஆசிரியருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. வீட்டுத் தேர்வுக்கும் இதே நேர்மை வேண்டும். நேரம் முடிந்தால் தாளை வாங்கிவிடுங்கள். கண்ணால் கூடக் குறிப்பு காட்டாதீர்கள். நேர்மையைப் பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் வகுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கே இந்தக் கணக்கு வராதே" என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். சரி, அதைப் பிள்ளையிடமே சொல்லுங்கள். "அம்மாவுக்கும் தெரியல, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்காட்டுக் கணக்கை வரி வரியாக வாசியுங்கள். பெரியவர் ஒருவர் தெரியாததைக் கற்றுக்கொள்வதை நேரில் பார்ப்பது பிள்ளைக்கு அபூர்வமான அனுபவம். அதிலும் முடியாவிட்டால் குறிப்பில் வட்டம் போட்டு ஆசிரியருக்கு விடுங்கள். அவர் இருப்பது அதற்காகத்தான்.

அழுகை வரும். பிள்ளைக்கு, சில நாள் உங்களுக்கும். பள்ளி ஆசிரியரிடம் அடங்கி உட்காரும் பிள்ளை அம்மாவிடம் பென்சிலை எறியும். அது உங்கள் தோல்வி ஆகாது. பாதுகாப்பாக உணரும் இடத்தில்தான் பிள்ளை தன் எரிச்சலைக் காட்டும். குரல் உயரத் தொடங்கியதும் பாடத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். நீங்கள் கத்திவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள், காரணம் சொல்லாமல். நான் முதல்முறை அப்படிக் கேட்டபோது என் மகன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். மன்னிப்பைப் பற்றி வேதபாடத்தில் நான் அதுவரை சொன்ன எதையும் அவன் அப்படிக் கவனித்ததில்லை.

விசுவாசம் எங்கே வருகிறது

காலையில் பத்து நிமிட வேதபாடம் வைத்துவிட்டு மற்றதை உலகப் பாடம் என்று ஒதுக்கினால் இந்த முறையின் சாரம் போய்விடும். அதற்காக ஒவ்வொரு கணக்கிலும் ஒரு வசனத்தை ஒட்டவைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அது போலித்தனமாகத் தெரியும். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று படிக்கும்போது நீங்களே உண்மையில் வியந்தால், அதைப் படைத்தவரைப் பற்றிய பேச்சு தானாக வரும். வரலாற்றில் கிறிஸ்தவர்கள் செய்த கொடுமைகள் வரும்போதும் மறைக்காமல் பேசுங்கள்.

மனப்பாட வசனம் வகுப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று, ஓய்வுநாள் பள்ளியில் ஒன்று என்று மூன்றாக இருந்தால் எதுவும் நிற்காது. ஆசிரியரிடம் பேசி ஒன்றாக்கப் பாருங்கள். ஞானோபதேச வினாவிடை கற்பிக்க விரும்பும் சீர்திருத்த மரபுக் குடும்பங்களுக்கு 1563-இல் வந்த ஹைடல்பெர்க் வினாவிடை வசதியானது. அதன் 129 கேள்விகளும் 52 ஞாயிறுகளுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, வாரத்துக்கு இரண்டு மூன்று கேள்விகள்தான். கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் பங்கு ஆலயத்தின் மறைக்கல்விப் பாடத்தை வீட்டு நாளோடு இணைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தண்டனையாக வசனம் எழுதவைக்காதீர்கள். நூறு முறை எழுதிய சங்கீதத்தை அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு ஜெபமாகச் சொல்வது கடினம்.

கேள்விகள் வரும்: ஜெபித்தும் தாத்தா ஏன் இறந்தார், மற்ற மதத்து நண்பன் என்ன ஆவான். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பதில் கிடைக்காத கேள்வியை அதில் எழுதி வைத்து, போதகரிடமோ ஆசிரியரிடமோ கேட்போம். சில கேள்விகள் இரண்டு வருடமாக அப்படியே இருக்கின்றன. இருக்கட்டும்.

ஆசிரியரோடு

வாரக் கடைசியில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: எது நன்றாக வந்தது, எது வரவில்லை, எவ்வளவு நேரம் பிடித்தது, வீட்டில் ஏதாவது நடந்ததா. நேரத்தை மறக்காமல் எழுதுங்கள். அரை மணி நேரத்துக்கு என்று ஆசிரியர் நினைத்த வேலை உங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் இழுப்பது அவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

மனக்கசப்பு வந்தால் மத்தேயு 18:15 சொல்லும் ஒழுங்கைப் பின்பற்றுங்கள்: முதலில் அவரிடமே, தனியாக. மற்றப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. பிள்ளையின் முன்னால் ஆசிரியரைக் குறை சொன்னால் வகுப்பு நாளை நீங்களே பலவீனப்படுத்துகிறீர்கள். அவர் உங்களைக் குறை சொன்னாலும் வீட்டு நாளுக்கு அதே கதிதான்.

பிள்ளை வளர வளர

பத்து வயது வரை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நடத்துகிறீர்கள். பதினொன்று, பன்னிரண்டில் அறையின் மறுபக்கத்துக்கு நகருங்கள். வாரக் குறிப்பைப் பிள்ளையே வாசித்து, எதை எப்போது செய்வது என்று திட்டம் போட்டு உங்களிடம் காட்டட்டும். தவறாகத் திட்டமிட்டு ஒரு வாரம் மாட்டிக்கொண்டால் காப்பாற்ற ஓடாதீர்கள், அந்த வயதில் அதன் விலை சிறியது. பதினான்குக்கு மேல் குறிப்பு முழுவதும் பிள்ளையின் கையில் போய்விடும். மதிப்பெண் பதிவுகள், எழுதிய கட்டுரைகள், ஆய்வகக் குறிப்புகள் ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள், கல்லூரிச் சேர்க்கையில் கேட்பார்கள்.

அந்த வயதில் எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது ஞாயிறு மாலையின் அரை மணி நேரம். மகன் வாரக் குறிப்பை மேசையில் விரித்து, இந்த வாரம் தனக்கு எது பயமாக இருக்கிறது என்று சொல்வான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் அந்தப் பாடத்தின் பெயரைச் சொல்லியே இருவரும் ஜெபிப்போம். போன வாரம் அது வேதியியல்.